உருமாற்ற மந்திரம் (மேசை வேடமேற்பு விளையாட்டு)

உருமாற்ற மந்திரம் என்பது மேசை வேடமேற்பு விளையாட்டுகளில் ஒரு கதைமாந்தரின் உடலை வேறோர் உயிரினத்தின் உடலாக மாற்றும் மந்திரங்களைக் குறிக்கும் பொதுப்பெயர் ஆகும். இவ்வகை விளையாட்டுகளில் முதலாவதாக வணிக நோக்கில் வெளியிடப்பட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (1974) தொடங்கி இன்றுவரை, ஏறத்தாழ எல்லாக் கனவுருப்புனைவு விளையாட்டுகளிலும் இம்மந்திரங்கள் இடம்பெறுகின்றன. பெரும்பாலான மந்திரங்கள் ஆட்டத்தின் ஓர் எண்ணை மட்டும் மாற்றுகின்றன. உருமாற்ற மந்திரமோ உயிர், வலிமை, அறிவு, பேச்சு, உடைமை ஆகிய அனைத்தையும் ஒரே நேரத்தில் மாற்றுகிறது. எனவே இது ஆட்டத்தின் பிற விதிகள் ஒவ்வொன்றுடனும் மோதுகிறது. இம்மோதல்களே இக்கட்டுரையின் பொருளாகும்.

அடிப்படைக் கருத்துகள்

மேசை வேடமேற்பு விளையாட்டில் ஒவ்வோர் ஆட்டக்காரரும் ஒரு கதைமாந்தரை ஏற்று நடத்துகிறார். ஆட்ட நடுவர் உலகையும் எதிரிகளையும் நடத்துகிறார். ஐயமான செயல்களின் விளைவைப் பகடை முடிவு செய்கிறது. உருமாற்றத்தைப் புரிந்துகொள்ளப் பின்வரும் கருத்துகள் தேவை.

உயிர்ப்புள்ளிகள்: ஒருவர் எவ்வளவு அடியைத் தாங்குவார் என்பதைக் காட்டும் எண். இது சுழியம் ஆனால் அவர் வீழ்கிறார்.

அறைகூவல் மதிப்பு: ஓர் எதிரி எவ்வளவு ஆபத்தானது என்பதைக் காட்டும் எண். நரிக்கு 0, சவாரிக் குதிரைக்கு கால், பழுப்புக் கரடிக்கு 1 என ஐந்தாம் பதிப்பு (2014) குறிப்பிடுகிறது.

கவனக்குவிப்பு: சில மந்திரங்கள் நீடிக்க, அவற்றை ஏவியவர் தொடர்ந்து கவனம் செலுத்த வேண்டும். அவர் அடிபட்டால் பகடை உருட்டிக் கவனத்தைக் காக்க வேண்டும். தவறினால் மந்திரம் கலைந்துவிடும். ஒரே நேரத்தில் இத்தகைய ஒரு மந்திரத்தையே தாங்க இயலும்.

வரலாறு

உருமாற்ற விதிகளின் வரலாறு பெரும்பாலும் திருத்தங்களின் வரலாறே ஆகும். 1978இல் வெளியான மேம்பட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டக்காரர் கையேட்டில், பிறரை உருமாற்றும் மந்திரம் உயிருக்கே ஆபத்தானதாக இருந்தது. மாற்றத்தின் அதிர்ச்சியை உடல் தாங்குகிறதா என்பதைப் பகடையால் சோதிக்க வேண்டும். சோதனையில் தோற்றவர் இறந்துவிடுவார். தப்பியவரின் மனமும் நாளடைவில் விலங்கின் மனமாக மாறக்கூடும்.

2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பு இந்த உயிராபத்தைக் கைவிட்டது. அதனால் வேறொரு சிக்கல் எழுந்தது. புதிதாக வெளிவரும் ஒவ்வொரு விலங்கு நூலும் மந்திரவாதிக்குப் புதிய உருவங்களை அளித்தது. மந்திரத்தின் ஒரு சொல்லும் மாறாமலே அதன் வலிமை ஆண்டுதோறும் கூடியது. 2003இல் வந்த 3.5 பதிப்பு மந்திரத்தைப் பிரித்துத் திருத்தியது. 2006இன் இரண்டாம் ஆட்டக்காரர் கையேடு உருமாற்றத்திற்குத் தனி உட்பிரிவையே உருவாக்கியது. எனினும் மூலச் சிக்கல் நீடித்தது.

2009இல் பைசோ நிறுவனம் வெளியிட்ட பாத்ஃபைண்டர் விளையாட்டு இதற்கு வேறு தீர்வைக் கண்டது. அதில் உருமாறுபவர் விலங்கின் எண்களைப் பெறுவதில்லை. தம் சொந்த எண்களுடன் மந்திரம் குறிப்பிடும் அளவு கூடுதல் மட்டுமே பெறுகிறார். புதிய விலங்கு நூல்கள் வந்தாலும் மந்திரத்தின் வலிமை பெரிதாக ஏறுவதில்லை. ஒருவர் மேல் ஒரு நேரத்தில் ஓர் உருமாற்ற மந்திரமே செயற்படும் என்ற விதியும் அதில் தெளிவாக எழுதப்பட்டது.

பிற விதிகளுடன் தொடர்பு

உயிர்ப்புள்ளிகள்

ஐந்தாம் பதிப்பில் உருமாறியவர் விலங்கின் உயிர்ப்புள்ளிகளைப் பெற்றார். அவை தீர்ந்தால் பழைய உருவம் திரும்பும். மிஞ்சிய அடி பழைய உடலைச் சேரும். எடுத்துக்காட்டாக, 20 உயிர்ப்புள்ளிகள் கொண்ட ஒருவர் கரடியாக மாறியுள்ளார் எனக் கொள்வோம். கரடியிடம் 5 புள்ளிகள் எஞ்சியுள்ளபோது 18 புள்ளி அடி விழுகிறது. கரடி உருவம் கலைகிறது. மிஞ்சிய 13 புள்ளிகள் மனித உடலைத் தாக்குகின்றன. அவருக்கு 7 புள்ளிகள் எஞ்சுகின்றன.

இவ்விதி எளியது. ஆனால் அதன் விளைவு பெரியது. ஏழாம் நிலையில் உள்ள மெலிந்த மந்திரவாதி ஒருவர் பாலிமார்ஃப் மந்திரத்தால் 157 உயிர்ப்புள்ளிகள் கொண்ட பெருங்குரங்காக மாற முடிந்தது. இரண்டாம் நிலைத் துரூயிடு ஒருவர், நிலவு வட்டம் என்னும் பிரிவைச் சேர்ந்தவரானால், 34 புள்ளிகள் கொண்ட பழுப்புக் கரடியாக இரண்டு முறை மாறலாம். தமக்குரிய ஏறத்தாழ 17 புள்ளிகளுடன் மேலும் 68 புள்ளிகளை அவர் பெற்றார். அதே மேசையில் வாளேந்தி நிற்கும் வீரருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

2024இல் திருத்தப்பட்ட கையேடு இதனை மாற்றியது. உருமாறியவர் தம் சொந்த உயிர்ப்புள்ளிகளை வைத்துக்கொள்கிறார். மந்திரத்தால் மாறினால் விலங்கின் புள்ளிகள் தற்காலிகப் புள்ளிகளாகச் சேர்கின்றன. அவை தீர்ந்தால் மந்திரமும் முடிகிறது. துரூயிடு தம் ஆற்றலால் மாறினால் பொதுவாகத் தம் நிலைக்குச் சமமான தற்காலிகப் புள்ளிகளே கிடைக்கும்.

மனமும் பேச்சும்

உடல் மாறும்போது மனம் மாறுகிறதா என்பது மந்திரத்திற்கு மந்திரம் வேறுபடுகிறது. 2014 பதிப்பின் பாலிமார்ஃப் மந்திரம் அறிவு உள்ளிட்ட எல்லாத் திறன்களையும் விலங்கினுடையவையாக மாற்றும். ஆளுமை மட்டும் எஞ்சும். துரூயிடின் ஆற்றலோ அறிவையும் நினைவையும் விட்டுவைக்கும். நண்பனைக் குரங்காக மாற்றினால், யார் நண்பர், யார் எதிரி என்பதை அக்குரங்கு எவ்வளவு அறியும் என்ற வினா இதனால் எழுகிறது. ஆளுமை எஞ்சுவதால் பற்று நீடிக்கும் என்பது பெரும்பாலான நடுவர்களின் விளக்கம். நுட்பமான திட்டங்களை அக்குரங்கால் நிறைவேற்ற இயலாது.

பிற மந்திரங்கள்

உருமாறியவர் பொதுவாகப் புதிய மந்திரங்களை ஏவ இயலாது. கவனக்குவிப்பில் உள்ள மந்திரத்தைத் தொடர்ந்து தாங்கலாம். தம்மையே பாலிமார்ஃப் மந்திரத்தால் மாற்றிக்கொண்டவர் விலங்காக இருக்கும்போதே கவனத்தையும் காக்க வேண்டும். எனவே அடிபடும்போதெல்லாம் அவர் உருவம் கலையும் வாய்ப்பு உண்டு. நண்பர் ஒருவர் ஏவிய மந்திரமானால், கலைக்க விரும்பும் எதிரி அந்த நண்பரையே குறிவைப்பான்.

மந்திர நீக்க மந்திரம் பிற மந்திரங்களைக் கலைக்கும். மூன்றாம் நிலை வரையிலான மந்திரங்கள் தாமே கலையும். பாலிமார்ஃப் நான்காம் நிலை மந்திரமாதலால் பகடையில் 14 அல்லது அதற்கு மேல் பெற வேண்டும். துரூயிடின் ஆற்றல் ஒரு மந்திரமன்று. அதனை மந்திர நீக்கம் கலைக்காது. மந்திரத் தடைப் புலமோ இரண்டையும் செயலிழக்கச் செய்யும். புலத்திற்குள் இருக்கும்வரை பழைய உருவம் வெளிப்படும். மெய்க்காட்சி பெற்றவர் மந்திரத்தால் மாற்றப்பட்டவரின் மூல உருவத்தைக் காண்பார்.

ஒரு சொல்லின் விலை

ஒரு வினைச்சொல் கதைமாந்தரின் உயிரை முடிவு செய்த நேர்வும் உண்டு. டிசின்டகிரேட் என்னும் மந்திரம், தன் அடியால் உயிர்ப்புள்ளிகள் சுழியத்திற்குக் குறைக்கப்பட்டவரைத் தூளாக்கும் என 2014 நூலில் எழுதப்பட்டிருந்தது. கரடியாக உள்ள துரூயிடின் கரடிப் புள்ளிகள் சுழியமானால் அவர் உடனே தூளாவாரா, அல்லது மனித உருவம் பெற்றுத் தப்புவாரா என்ற ஐயம் எழுந்தது. சொற்களை அப்படியே கொண்டால் அவர் தூளாவார். 2018இன் திருத்தப் பட்டியல் வாசகத்தை மாற்றி, அடி முழுவதும் கணக்கிடப்பட்ட பின்னும் சுழியத்தில் எஞ்சியிருப்பவரே தூளாவார் என்று தெளிவுபடுத்தியது.

தமிழ்த் தொன்மத்தில் ஓர் எடுத்துக்காட்டு

புதுக்கோட்டை மாவட்டத்தில் உள்ள ஆவுடையார்கோயில், பழைய பெயரால் திருப்பெருந்துறை, நரியைப் பரியாக்கிய கதையுடன் தொடர்புடையது. பாண்டிய மன்னனுக்காகக் குதிரை வாங்கச் சென்ற அமைச்சர் வாதவூரர், இவ்வூரில் குருந்த மரத்தடியில் குருவைக் கண்டு, கொண்டுவந்த பொருளை இறைபணிக்குச் செலவிட்டார். பின்னர் மாணிக்கவாசகர் எனப் பெயர்பெற்றவர் இவரே. சிவபெருமான் நரிகளைக் குதிரைகளாக்கித் தாமே வணிகராக மதுரைக்குக் கொண்டுசென்றார். இரவில் அவை மீண்டும் நரிகளாகிக் கொட்டடியில் இருந்த பழைய குதிரைகளைக் கடித்தன. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணம் இதனை நரி பரியாக்கிய படலம், பரி நரியாக்கிய படலம் என இரண்டாகக் கூறுகிறது.

தொன்மம் ஒரு விதிநூல் அன்று. எனினும் விதிகளை விளக்க இக்கதை நன்கு பயன்படுகிறது. ஐந்தாம் பதிப்பின் பாலிமார்ஃப் மந்திரத்தால் நரியைப் பரியாக்க முடியாது. புதிய உருவத்தின் அறைகூவல் மதிப்பு பழைய உருவத்தினுடையதை விட மிகக்கூடாது. நரியின் மதிப்பு 0. குதிரையின் மதிப்பு கால். நரியை மானாகவோ ஆடாகவோ மாற்றலாம். மேலும் அம்மந்திரம் ஒரு நேரத்தில் ஓர் உயிரை மட்டுமே மாற்றும்; ஒரு மணி நேரத்திற்கு மேல் நீடிக்காது.

எட்டாம் நிலை மந்திரமான அனிமல் சேப்ஸ் கதைக்குப் பொருந்துகிறது. அது இசைவு தரும் எத்தனை உயிர்களையும் மாற்றும். உருவத்தின் மதிப்பு 4 வரை இருக்கலாம். 24 மணி நேரம் வரை நீடிக்கும். முக்கியமாக, மாற்றப்பட்ட உயிர் தன் பழைய மனத்திறன்களை இழப்பதில்லை. பகலில் குதிரையாக நின்றபோதும் உள்ளே நரியின் மனமே இருந்தது எனக் கொண்டால், இரவில் நடந்தது வியப்பன்று. மன்னனின் ஆட்கள் பகலில் குதிரைகளைப் பார்த்து ஏற்றுக்கொண்டதும் விதிக்குப் பொருந்தும். அவர்களிடம் மெய்க்காட்சி இல்லை.

திருமூலர் வரலாறு வேறு வகையைச் சேர்ந்தது. இறந்து கிடந்த இடையன் மூலனின் உடலில் யோகி ஒருவர் புகுந்தார் என்றும், திரும்பி வந்து பார்க்கையில் அவருடைய பழைய உடல் காணப்படவில்லை என்றும் பெரியபுராணம் கூறுகிறது. இது கூடு விட்டுக் கூடு பாய்தல், உருமாற்றம் அன்று. விளையாட்டில் இதற்கு நெருக்கமானது மேஜிக் ஜார் மந்திரம் ஆகும். அதில் உடல் மாறுவதில்லை, உயிரே இடம்பெயர்கிறது. எனவே பழைய உடலுக்கு என்ன நேர்கிறது என்பதே அதன் தலையாய விதியாகும். உருமாற்றத்தில் அவ்வினாவே எழுவதில்லை.

நடுவரின் தீர்ப்பு

எல்லா மோதல்களையும் நூலில் எழுதி முடிக்க இயலாது. ஐந்தாம் பதிப்பு இதற்கு ஒரு பொதுநெறியைத் தருகிறது: சிறப்பு விதி பொதுவிதியை வெல்லும். அதற்கும் அடங்காதவற்றை நடுவர் தீர்க்கிறார். உருமாற்றம் இடம்பெறும் ஆட்டத்தில் நடுவரும் ஆட்டக்காரர்களும் மூன்று வினாக்களுக்கு முன்கூட்டியே விடை காண்பது நன்று. எந்த உருவங்கள் இசைவுடையவை? மனம் எவ்வளவு எஞ்சும்? மந்திரம் கலையும்போது எஞ்சிய அடி யாரைச் சேரும்?

கடைசி வினா எண்களுக்கு அப்பாலும் செல்கிறது. நரிகள் பரிகளானதால் பழைய குதிரைகள் மாண்டன. தண்டனை பெற்றவர் உருமாற்றியவர் அல்லர். குதிரை வாங்க அனுப்பப்பட்ட வாதவூரர். மந்திரம் எப்போது முடியும் என்பதை விதிநூல் கூறும். அது முடிந்த பின் யார் பொறுப்பேற்பார் என்பதை மேசையைச் சுற்றி அமர்ந்திருப்பவர்களே முடிவு செய்ய வேண்டியுள்ளது.

இவற்றையும் பார்க்க

வேடமேற்பு விளையாட்டு
ஆவுடையார்கோயில்
திருவிளையாடற் புராணம்
கூடு விட்டுக் கூடு பாய்தல்