மீந்த சோறு

ரத்தம் எடுக்க வரும் பையனுக்கு எங்கள் வீட்டில் எப்போதும் ஒரு ஊசிக்குத்தான் வேலை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு டோம்பிவிலியில் எங்கள் பிளாட்டின் மணியை அடிப்பான். வெறும் வயிற்றோடு காத்திருக்கும் என் கையில் ரப்பர் பட்டையைக் கட்டுவான், எடுப்பான், போய்விடுவான். 2023 ஆகஸ்டில் அப்படி வந்தபோது, புனேயிலிருந்து வந்திருந்த என் மகள், "அம்மா, நீயும் கையை நீட்டேன்" என்றாள்.

"எனக்கு எதுக்கு? எனக்குத்தான் ஒண்ணுமில்லையே" என்று சொல்லிக்கொண்டே, ஈரக்கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு என் மனைவி வந்து உட்கார்ந்தாள். அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்தது. சீக்கிரம் எடுப்பா என்று அந்தப் பையனை இந்தியில் அவசரப்படுத்தினாள்.

மறுநாள் முடிவு வந்தது. எனக்கு ஹெச்பிஏ1சி 6.8. நாலு வருஷச் சர்க்கரைக்காரனுக்கு அது நல்ல மார்க்தான். அவளுக்கு 9.2.

இந்த எண் பழக்கமில்லாத அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. இது அன்றைய காலைச் சர்க்கரை அல்ல; சுமார் மூன்று மாதச் சராசரி. முதல் நாள் மட்டும் பட்டினி கிடந்து இதை ஏமாற்ற முடியாது. 5.7-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். நடுவில் இருப்பது எச்சரிக்கை. என் மனைவி எச்சரிக்கையை எப்போதோ தாண்டி, யாருக்கும் தெரியாமல் வெகுதூரம் போயிருந்தாள்.

எனக்கு 2019-ல் கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மூன்று சமையல். எனக்குச் சோளமாவு ரொட்டி, முளைகட்டிய பயறு, எண்ணெய் குறைத்த காய். எண்பதைத் தாண்டிய என் அம்மாவுக்குக் குழைய வடித்த சோறும் ரசமும். மகனுக்கு உருளைக்கிழங்கு வறுவல் இல்லாவிட்டால் தட்டு நகராது. மூன்றையும் செய்துவிட்டு, மத்தியானம் இரண்டரை மணிக்கு அவள் சாப்பிட உட்காருவாள். என்ன சாப்பிட்டாள் என்று யாராவது பார்த்தோமா? இல்லை. அம்மாவுக்கு வடித்ததில் மீந்த சோறு, நேற்றைய குழம்பு, வாணலியின் அடியில் ஒட்டிய உருளைக்கிழங்கு, தொட்டுக்கொள்ள ஊறுகாய். மீந்ததை வீணாக்க மனம் வராது. காய் தீர்ந்திருக்கும், சோறுதான் எப்போதும் மீறும். ராத்திரி, மகன் லோக்கலில் நெருக்கியடித்துக்கொண்டு வந்து சேரப் பத்து மணி. அவனுக்குப் பரிமாறிய பிறகு மறுபடியும் மீந்தது.

இதில் வெட்கப்பட வேண்டியவன் நான். சங்கக் கூட்டங்களில் "எனக்குச் சர்க்கரை போடாத காபி" என்று நாலு பேர் காதில் விழும்படி சொல்வதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. பத்தியம் இருப்பது எப்படி என்று கேட்டவர்களுக்கெல்லாம் பிரசங்கம் வேறு. அந்தப் பத்தியத்தைச் சமைத்த கை என்ன சாப்பிட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அறிகுறி இல்லாமல் இல்லை. உள்ளங்கால் எரிகிறது என்றாள். சிமெண்ட் தரையில் நிற்பதால் என்றேன். தாகம் என்றாள், மும்பை வெயில் என்றேன். ஒரே வருஷத்தில் இரண்டு தடவை கண்ணாடி மாற்றினாள்; கடைக்காரன் சரியில்லை என்றேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு பதில் தயாராக இருந்தது.

டாக்டர் அம்மாள் கேட்ட ஒரு கேள்வியில் நான் ஆடிப்போனேன். "கர்ப்பமாக இருந்தபோது சர்க்கரை இருந்ததா?" 1993-ல் மகள் வயிற்றில் இருந்தபோது இருந்தது. பிரசவமானதும் போய்விட்டது, நாங்களும் மறந்துவிட்டோம். அப்படி வந்துபோன பெண்களுக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகமாம். பிரசவத்துக்குப் பிறகு விட்டுவிட்டாவது சோதித்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும். முப்பது வருஷத்தில் ஒரு முறைகூடச் செய்யவில்லை. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். - இன்டியாப் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று மதிப்பிட்டது. அந்தக் கோடிகளில் ஒன்று என் சமையலறையிலேயே நின்றுகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது ஆட்டோவில் அவள் அழவில்லை. கல்யாண் சாலை சிக்னலில் வண்டி நின்றபோது ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அப்போ எனக்கு யாரு சமைக்கிறது?"

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. மறுநாள் காலை, இனி இந்த வீட்டில் ஒரே சமையல் என்று அறிவித்தேன். அறிவிப்பது சுலபம். முதல் பத்து நாள் வீடு சந்தைக்கடைதான்.

அம்மாதான் முதலில் கொடி பிடித்தாள். எங்கள் பூர்வீகம் கோவில்பட்டிப் பக்கம், கரிசல் காடு. கம்பும் சோளமும்தான் அங்கே அன்றாடச் சாப்பாடு. நெல்லுச் சோறு என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும். அப்பா 1964-ல் தாராவிக்கு வந்து சேர்ந்தவர். தட்டில் கம்பு ரொட்டியைப் பார்த்ததும் அம்மா, "கம்பங்கூழுக்குப் பயந்துதாம்லே உங்கப்பா ரயில் ஏறுனாவ. இப்பம் காசு குடுத்து அதை வாங்கித் திங்கியளோ?" என்றாள். அந்த 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டு என்று கொண்டாடிக்கொண்டிருந்தது. பத்திரிகைகளில் பக்கம் பக்கமாகக் கம்பின் பெருமை. அம்மாவுக்கு அதெல்லாம் எடுபடவில்லை. அவளுக்குக் கம்பு என்றால் வறுமை. வெள்ளைச் சோறு என்றால் பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டோம் என்பதற்குச் சாட்சி. அதை எடுத்துவிட்டு, வைட்டமின் கணக்குச் சொன்னால் எப்படி?

அம்மாவின் கோபத்தில் பாதி நியாயமும் இருந்தது. சிறுதானியம் மருந்தல்ல. 100 கிராம் அரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம் என்றால், கேழ்வரகில் 70-ஐ ஒட்டி இருக்கும். பெரிய வித்தியாசமில்லை. நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் கேழ்வரகில் நிறைய; அது வேறு கணக்கு. நைஸாக அரைத்த கேழ்வரகு மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி டம்ளர் டம்ளராகக் குடித்தால் சர்க்கரை விறுவிறு என்று ஏறும். நான் குடித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது இது. எந்தத் தானியம் என்பதைவிட எவ்வளவு, எதோடு என்பதுதான் விஷயம் என்று டாக்டர் சொன்னதை மெதுவாகத்தான் புரிந்துகொண்டோம். தட்டில் பாதி காய். கால் பங்கு பருப்போ சுண்டலோ முட்டையோ மீனோ. மிச்சம் கால் பங்குதான் சோறு அல்லது ரொட்டி. காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றைக் கடைசியில் சாப்பிட்டால் சர்க்கரை அவ்வளவு வேகமாக ஏறுவதில்லை என்பதையும் விரலில் குத்திப் பார்த்தே அறிந்தோம். சாப்பிட்டதும் கட்டிடத்தைச் சுற்றிப் பதினைந்து நிமிஷ நடை.

ஆகவே அம்மாவின் சோறு போகவில்லை. எல்லோருக்கும் சோறு உண்டு, ஒரு கிண்ணம். அந்தக் கிண்ணத்தால் அளந்தே அரிசி போடுவதால் மீறுவதும் இல்லை. இட்லி வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறைந்து, அடையும் பெசரட்டும் வந்தன. காய்க்குக் கவலையில்லை. இங்கே கவாரும் தோண்ட்லியும் தூதியும், அதாவது நம் கொத்தவரங்காய், கோவைக்காய், சுரைக்காய், தெருமுனையிலேயே கிடைக்கும். வாழைத்தண்டு வேண்டுமென்றால் மாட்டுங்கா போக வேண்டும்.

ரொட்டி விஷயத்தில் குரு, எதிர் வீட்டு மராத்தி வஹினி. நாலு வருஷமாக எங்கள் வீட்டுச் சோள ரொட்டி வரட்டி மாதிரி விரிந்து உடைந்துகொண்டிருந்ததை, பாவம், பார்த்தும் பேசாமல் இருந்திருக்கிறார். கோதுமையின் பசை சோளத்தில் கிடையாது. பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் சேராது. கொதிக்கும் தண்ணீர் விட்டு, உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்துப் பிசைந்து, குழவி இல்லாமல் கையாலேயே தட்ட வேண்டும். மாவு புதிதாக இருக்க வேண்டும். கம்பு மாவு சீக்கிரமே கசந்துவிடும். அதனால் வாரா வாரம் சக்கியில் அரைத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சக்கிக்குப் போகும் வேலை என்னுடையது. ரொட்டி தட்டுகிற வேலையும் இப்போது என்னுடையதுதான். வட்டமாக வருவதில்லை, உடைவதுமில்லை. ஜனவரியில் போகி அன்று அவர்கள் வீட்டிலும் எள் தூவிய கம்பு ரொட்டி, கலவைக் காய். ஒரு தட்டு எங்களுக்கும் வந்தது. அம்மா அதை வெண்ணெயோடு முழுதும் சாப்பிட்டுவிட்டு, "இது வேற" என்றாள்.

எல்லாம் ஒழுங்காக நடந்ததென்று நினைக்க வேண்டாம். அந்த நவம்பரில் கந்த சஷ்டி. சூரசம்ஹாரத்தன்று அவள் வழக்கம்போல விரதம் இருந்தாள். மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டுக்கொண்டாள். கணையத்தைத் தூண்டி இன்சுலின் சுரக்கவைக்கும் வகை மாத்திரை அது. பதினொரு மணிக்குப் பூஜை அலமாரி முன்னால் உட்கார்ந்திருந்தவள் வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, நான் கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாள். பக்தியில் சாமி வந்துவிட்டது என்று அம்மா விபூதி எடுக்கப் போனாள். நான் விரலைக் குத்திப் பார்த்தேன்: 54. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவைத்து, கால் மணி கழித்து மறுபடி பார்த்தேன், 82. பிறகு ஒரு கிண்ணம் தயிர்சாதம். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றியிருக்கக் கூடாது, நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் என்று டாக்டர் பிறகு சொன்னார். விரதத்தை அவர் தடுக்கவில்லை. "நாலு நாள் முன்னாடி சொல்லுங்கள், மாத்திரையை நான் மாற்றித் தருகிறேன், நீங்களாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம்" என்றார். முருகன் கோபித்துக்கொள்ளமாட்டான் என்பதை அவளை நம்பவைக்கத்தான் எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

அவளுடைய எண் 2024 மார்ச்சில் 7.0-க்கு இறங்கியது. அந்த வருஷத் தீபாவளி முடிந்து பார்த்தால் 7.4. மைசூர்பாகு செய்தவள் அவள். செய்யச் சொன்னவன் நான். மறுபடி இறங்கிக்கொண்டிருக்கிறது. உள்ளங்கால் எரிச்சல் குறைந்திருக்கிறது, முற்றிலும் போகவில்லை. போகுமா என்று டாக்டர் வாக்குத் தரவில்லை.

மகள் 2024-ல் உண்டானாள். அம்மாவின் கதை தெரிந்ததால், முதல் தடவை போனபோதே 75 கிராம் குளுகோஸ் கரைசல் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சோதனையைக் கேட்டு வாங்கிச் செய்துகொண்டாள். 140-ஐத் தாண்டினால் கர்ப்பகாலச் சர்க்கரை. அவளுக்கு 128. ஆறாம் மாதத்துக்குப் பிறகு மறுபடி பார்த்ததிலும் தேறிவிட்டாள். பேரன் பிறந்து, இப்போது எங்கள் வீட்டுத் தரையெல்லாம் அவனுடைய ராஜ்யம்.

ஒரு மணிக்கு எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட உட்காருகிறோம், அவளும். ராத்திரி எட்டரை. மகனுடைய பங்கை மூடி வைத்துவிடுவோம். அவனே சூடு பண்ணிக்கொள்வான். முதல் மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். இப்போது ஆம்லெட் போடத் தெரிந்திருக்கிறது.

அடுத்த ஞாயிறு ரத்தம் எடுக்கும் பையன் வருகிறான். இந்த முறை மூன்று குழாய் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். மகனுக்கு முப்பதாகிவிட்டது, அப்பா, அம்மா இரண்டு பக்கமும் சர்க்கரை. அவன் இப்போதே, ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் இருக்கிறது என்று ஆரம்பித்துவிட்டான். மேட்ச் ஒன்பது மணிக்குத்தான் என்று அவனுடைய நண்பனிடம் விசாரித்து வைத்திருக்கிறாள் என் மனைவி.