தொடங்கியவர்கள் போன பிறகும் திறந்திருக்கும் கடை

ஒவ்வொரு ஆண்டும் நம் சபையிலிருந்து சில பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்குப் புறப்படுகிறார்கள். போர்வை, குக்கர், ஊறுகாய் பாட்டில் எல்லாவற்றையும் காரில் ஏற்றிய பிறகு, பின்னால் ஒரு சைக்கிளையும் கட்டி அனுப்புகிறோம். சில வாரம் அது நன்றாக ஓடும். பிறகு ஒரு நாள் பஞ்சர். வெளிக்கடையில் கூலியைக் கேட்டாலே மாணவனுக்கு மனம் சோர்ந்துவிடும். "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று விடுதி வாசலில் பூட்டிய சைக்கிள், அங்கேயே நின்று துருப்பிடிக்கும்.

இந்தத் தொல்லைக்கு மாணவர்களே வழி கண்ட ஓர் இடம் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம். டேவிஸ் மேடு பள்ளம் இல்லாத ஊர். 1959-ல் அங்கே சான்சலராகப் பொறுப்பேற்ற எமில் மிராக், சைக்கிளில் போவோரை மனதில் வைத்து வளாகத்தைத் திட்டமிடச் சொன்னார். அமெரிக்காவிலேயே முதன்முதலாகச் சாலையில் சைக்கிளுக்கென்று தனித்தடம் போட்டதும் அந்த ஊர்தான்; ஆண்டு 1967. இத்தனை சைக்கிள் ஓடும் இடத்தில் பழுதும் இருக்கத்தானே செய்யும்? 1971-ல் மாணவர் சங்கத்தின் சைக்கிள் கடை உருவானது. பழைய பால்பண்ணைக் கட்டடங்கள் இருந்த பகுதி அது. அதற்கேற்ப 'பைக் பார்ன்', அதாவது 'சைக்கிள் தொழுவம்' என்று பெயர் வந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அங்கே மாணவர்கள் ஸ்பேனர் பிடித்து வேலை செய்து வருகிறார்கள்.

இதே மாணவர் சங்கம் 1968-லேயே லண்டனில் ஓடிய இரண்டு பழைய மாடி பஸ்களை வாங்கி ஒரு பஸ் சேவையையும் தொடங்கியிருந்தது. அதை ஓட்டுகிறவர்களும் மாணவர்களே. பொறுப்பைக் கொடுத்தால் இளைஞர்கள் சுமப்பார்கள் என்பதற்கு இந்த ஊர் நல்ல சாட்சி.

உங்கள் வளாகத்தில் இப்படி ஒன்றைத் தொடங்க ஆசையா? பெரிய கட்டடம் கிடைக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வாரத்தில் ஒரு மாலை, ஒரு மேசை, நான்கைந்து பேர் போதும். ஆனால் முதல் நாளே மாணவர் சங்கத்திடம் அனுமதியும், காப்பீடு பற்றிய தெளிவும் பெற்றுக்கொள்ளுங்கள். நீங்கள் மாட்டிய பிரேக் இறக்கத்தில் பிடிக்காமல் போனால் விழுகிறவர் உங்கள் வகுப்புத் தோழர். இது விளையாட்டு வேலை அல்ல.

ஆரம்பத்தில் மூன்று வேலைகளை மட்டும் எடுங்கள்: பஞ்சர், பிரேக், செயின். சைக்கிளைத் தூக்கி மாட்ட ஒரு ஸ்டாண்டு, காற்றடிக்கும் பம்பு, டயர் கழற்றும் நெம்புகோல், அலன் கீ செட், சில ஸ்பேனர்கள், செயின் கழற்றும் கருவி ஆகியவை இருந்தால் பெரும்பாலான வேலை முடியும். வீல் பெண்டு எடுப்பதையும் ஓவராயிலையும் கை பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சின்ன வேலையிலும் கவனம் வேண்டும். பஞ்சர் ஒட்டும்போது டியூபை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது சற்று உலர்ந்த பிறகே ஒட்டு வைக்க வேண்டும். டயரின் உட்புறத்தைத் துணியால் தடவிப் பார்க்காமல் மாட்டினால், உள்ளே இருக்கும் முள் மறுநாளே மறுபடி குத்தும். இடது பெடலுக்கு மறை தலைகீழ். தெரியாமல் பலவந்தமாகத் திருகினால் கிராங்க் வீணாகும். ஆகவே ஒருவர் செய்த வேலையை இன்னொருவர் சோதித்த பிறகே சைக்கிளைத் திருப்பிக் கொடுப்பது என்று ஒரு சட்டம் வைத்துக்கொள்ளுங்கள்.

உதிரிபாகத்துக்கு என்ன செய்வது? ஆண்டு முடிவில் மாணவர்கள் கைவிட்டுப்போகும் சைக்கிள்களைப் பல்கலைக்கழகங்கள் அகற்றுகின்றன. டேவிஸில் அவற்றை ஏலம் விடுவதும் உண்டு. சிலவற்றைக் கடைக்குத் தரும்படி நிர்வாகத்திடம் கேட்டுப்பாருங்கள். அனுமதி இல்லாமல் ஒரு நட்டைக்கூடக் கழற்றாதீர்கள். கேட்பாரற்று நிற்கும் சைக்கிளுக்கும் உடையவர் இருக்கலாம்.

இதையெல்லாம்விடக் கடினமான ஒன்று உண்டு. மாணவர் கடையில் வேலை நன்றாகத் தெரிந்தவர் மூன்று நான்கு ஆண்டுகளில் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார். சாவி அவரிடம், கணக்கு அவரிடம், கைத்திறனும் அவரிடம் என்றால், அவரோடு கடையும் போய்விடும். எனவே முதல் ஆண்டு மாணவர்களைத் தொடக்கத்திலேயே சேருங்கள். பழகியவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க, புதியவர் கையால் செய்யட்டும். செய்த ஒவ்வொரு வேலையையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பணத்தை இரண்டு பேர் பார்க்கட்டும். பொறுப்பைக் கைமாற்றுவதைக் கடைசித் தேர்வு வாரம்வரை தள்ளாதீர்கள். சைக்கிள் கொண்டுவருகிறவரையும் சும்மா நிற்க வைக்காமல், அவர் கையில் நெம்புகோலைக் கொடுங்கள். இன்று பஞ்சர் ஒட்டக் கற்றவர் நாளைக்கு உங்களோடு மேசைக்குப் பின்னால் நிற்பார்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. உங்களில் பலர் ஊரில் வாடகை சைக்கிள் எடுத்து ஓட்டியவர்கள். தண்ணீர்ச் சட்டியில் டியூபை அமுக்கிக் குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்தவர்கள். அந்தக் கைவேலை உங்கள் பிள்ளைக்குத் தெரியுமா? புறப்படுவதற்கு முந்தின சனிக்கிழமை வீட்டு முற்றத்தில் ஒரு சக்கரத்தை இருவருமாகக் கழற்றி மாட்டுங்கள். பெட்டியில் ஒரு சின்ன ஒட்டுப் பெட்டியும் இரண்டு நெம்புகோலும் வைத்து அனுப்புங்கள். விடுதியில் முதல் பஞ்சரை ஒட்டிக் கொடுக்கிறவர் உங்கள் மகளாகவோ மகனாகவோ இருக்கட்டும். பக்கத்து அறைப் பிள்ளைகளும் தங்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். கடைக்கு அதுவே நல்ல தொடக்கம்.