கடலில்லா நாகானோவின் உப்பு ஊற்று

ஜப்பானின் 47 மாகாணங்களில் எட்டுக்குக் கடற்கரை கிடையாது. அந்த எட்டில் பரப்பளவில் பெரியது நாகானோ. 1998 குளிர்கால ஒலிம்பிக், மாட்சுமோட்டோவின் கறுப்புக் கோட்டை, வெந்நீர்ச் சுனையில் குளிர்காயும் குரங்குகள் என்று பயணிகளை இழுக்க அங்கே நிறைய உண்டு. ஆனால் அந்த மண்ணின் கதையைக் கேட்க வேண்டுமானால் உப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மிசோ என்னும் சோயா விழுதுக்கும் ஊறுகாய்க்கும் உப்பில்லாமல் முடியாது. ஜப்பான் கடலோரத்து இதோய்கவாவிலிருந்து மாட்சுமோட்டோவுக்கு எருதுகளின் முதுகில் உப்பு வந்தது. பனி மூடிய மாதங்களில் ஆட்களே சுமந்தார்கள். அந்த உப்புப் பாதை சென்ற பள்ளத்தாக்கு, நிலமே பிளந்துகொண்ட ஒரு பெரும் பிளவை ஒட்டியது. சுமார் ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் ஜப்பான் கடல் திறந்தபோது தீவின் நடுப்பகுதி ஆழ்ந்து கடலானது. பின்னர் வண்டலும் எரிமலைக் குழம்பும் அதை நிரப்பின. இந்தத் தாழ்வுக்கு ‘ஃபோசா மாக்னா’ என்று பெயரிட்டவர் ஜெர்மானிய நிலவியலாளர் நௌமன். மாட்சுமோட்டோ அருகே ஷிகாவில் 1988இல் திமிங்கலத்தின் புதைபடிவம் கிடைத்ததில் வியப்பே இல்லை.

அப்படியானால் தெற்கே ஓஷிகா மலைக்கிராமத்தில், சுமார் 750 மீட்டர் உயரத்தில், கடல்நீரைப் போலவே கரிக்கும் ஊற்று அந்தப் பழைய கடலின் மிச்சமா? மெய்ஜி காலத்தில் அடியில் பாறை உப்பு இருக்கும் என்று நம்பித் தோண்டினார்கள், ஒன்றும் அகப்படவில்லை. விடை இன்னும் ஆழத்தில் இருக்கிறது. ஜப்பானுக்கு அடியில் பிலிப்பைன் கடல் தட்டு புதைந்துகொண்டே போகிறது. அதன் கனிமங்களுக்குள் கட்டுண்ட நீர், வெப்பமும் அழுத்தமும் ஏற ஏற உப்போடு பிரிந்து, பிளவுகள் வழியே மேலே வருகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மழைநீரோடு பொருந்தாத அதன் ஐசோடோப்பு விகிதமே முக்கியச் சான்று. கடற்கரையே இல்லாத ஊருக்குக் கடலடித் தட்டு உப்பு அனுப்புகிறது என்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது!

அந்த உப்புநீருக்கு வழிவிடும் மத்தியப் பிளவுக்கோடு க்யூஷு வரை நீள்கிறது. ஓஷிகாவின் ஆற்றங்கரையில் அதை வெறும் கண்ணால் பார்க்கலாம்: ஒருபுறம் பழுப்புப் பாறை, மறுபுறம் பச்சை கலந்த கருமை. கிராமத்திலேயே அதற்கென அருங்காட்சியகம் உண்டு. ஊற்றுநீரைக் காய்ச்சி இன்றும் உப்பெடுக்கிறார்கள். நாகானோவுக்குப் போகிறவர்கள் குரங்குகளைப் பார்த்த கையோடு திரும்பிவிடாமல், தெற்கே இந்தக் கிராமத்துக்கும் ஒரு நாள் ஒதுக்க வேண்டும்.