சுவருக்கு அந்தப் பக்கம் கேட்காத கம்ப்ரசர்

ஏர் கம்ப்ரசர் பெட்டியில் 'சைலண்ட்' என்று எழுதியிருந்தால் உடனே நம்பிவிடாதீர்கள். கடந்த மூன்று மாதங்களில் ஜாலான் பாசாரிலிருந்து கிள்ளான் வரை ஏறி இறங்கிய ஹார்ட்வேர் கடைகளில், இரண்டு பெட்டிக்கு ஒன்றில் அந்தச் சொல் இருந்தது. ஒன்றில் 58 டெசிபல், இன்னொன்றில் 65, மற்றொன்றில் 72. ஒரு பெட்டியில் எண்ணே இல்லை, வாயில் விரல் வைத்த குழந்தையின் படம் மட்டும். நான்கைக் கடையிலேயே ஓடவிட்டுக் கேட்டேன். 58 என்று போட்டிருந்ததுதான் நான்கிலும் அதிகமாகக் கத்தியது.

வானொலியில் பேசிப் பிழைப்பவள் நான். காதுதான் எனக்குச் சோறு போடுகிறது. அதனால் இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுப்பது என்று முடிவு செய்தேன்.

பழைய வால்வு ரேடியோக்களைச் சரிசெய்து பாட வைப்பது என் ஓய்வுநேரப் பைத்தியம். பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் இருக்கும் பழைய வரிசை வீட்டின் பின்னறைதான் பட்டறை. ஐம்பது வருடத் தூசியை ஊதித் தள்ள, மரப்பெட்டிக்கு ஏர்பிரஷால் மெருகு ஏற்ற, பின்பலகையில் சின்ன ஆணி அடிக்க, எல்லாவற்றுக்கும் அழுத்திய காற்று வேண்டும். (கடைக்காரத் தம்பி ஒருவர், "அண்ணனுக்கா வாங்குறீங்கக்கா?" என்றார். அண்ணனுக்கு ஸ்குரூ டிரைவர் பிடிக்கவே தெரியாது என்று சொல்ல வேண்டியதாயிற்று.)

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர். அந்தப் பக்கம் இருக்கும் அங்கிள் உடம்பு பிடித்துவிடும் நிலையத்தில் வேலை செய்கிறார். பார்வையில்லாதவர். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951-இல் தொடங்கியது. அதன் வளாகம் இங்கேதான் இருக்கிறது. ஜாலான் துன் சம்பந்தனில் வெள்ளைக் கோலோடு நடப்பவர்களைப் பார்க்காமல் ஒரு காலைப்பொழுது போகாது. நமக்கு வெறும் இரைச்சலாகக் கேட்பது, மோனோரயில், பஸ்ஸின் பிரேக், கடை ஷட்டர் தூக்கும் சத்தம் எல்லாம், அவர்களுக்கு வழிகாட்டிப் பலகை.

வாங்குவதற்கு முன்னால் அவரிடம் கேட்டேன். "கொஞ்ச நேரம் சத்தம் போட்டா பரவால்லம்மா. தானா ஓடும், தானா நிக்கும்னா, எப்ப வரும்னே தெரியாது. வாசல்ல மோட்டார் சைக்கிள் வருதான்னு நான் காதாலதான் பாக்கணும். அத அமுக்கிடக் கூடாது" என்றார். அவர் சொன்னதைக் கேட்ட பிறகு, கம்ப்ரசரின் பக்கத்தில் நின்று கேட்பதை விட்டுவிட்டேன். கடையில் ஓடவிட்டதும் வெளியே போய், சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்க ஆரம்பித்தேன். டவுக்கே என்னை ஒருமாதிரியாகத்தான் பார்த்தார்.

இப்போது அந்த எண்கள். டெசிபல் கணக்கு நம் வழக்கமான கூட்டல் கழித்தல் போன்றது அன்று. 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பு. 10 டெசிபல் கூடினால் நம் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தம். ஆக 65-க்கும் 75-க்கும் நடுவில் இருப்பது 'கொஞ்சம்தான் வித்தியாசம்' கிடையாது.

அடுத்து, எவ்வளவு தூரத்தில் அளந்தார்கள்? வித்தை இங்கேதான். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் சத்தம் 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 75 டெசிபல் கத்தும் இயந்திரத்தை 7 மீட்டர் தள்ளி நின்று அளந்தால் 58 வரும். பெட்டியில் போட்டது பொய் இல்லை, ஆனால் என் பின்னறையின் நீளமே 3 மீட்டர். எண்ணுக்குப் பக்கத்தில் '1 மீட்டர்' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். தூரமே போடாத எண்ணைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஐரோப்பியத் தயாரிப்புகளில் சில, தூரத்தைச் சாராத 'ஒலித்திறன்' எண்ணைப் போடுகின்றன. 97 என்றெல்லாம் இருக்கும், பார்த்தவுடன் பயம் வரும். தரையில் வைத்த இயந்திரத்துக்கு அதிலிருந்து 8 கழித்தால் ஒரு மீட்டரில் கேட்கும் அளவு ஏறக்குறைய வந்துவிடும். அதாவது நேர்மையான 97, தூரத்தில் ஒளிந்துகொண்ட 72-க்கு அண்ணன் தம்பிதான்.

இன்னொரு சங்கதி. இது ஒலிப்பதிவு அறையில் உட்காருகிறவர்களுக்குத்தான் சட்டென்று பிடிபடும். பெட்டியில் பெரும்பாலும் 'டிபி(ஏ)' என்று இருக்கும். அந்த 'ஏ' ஒரு சல்லடை. மனிதக் காதுக்குக் கனத்த, தாழ்ந்த ஒலிகள் குறைவாகக் கேட்கும் என்பதால் அவற்றைக் கழித்துக் கணக்கிடுகிறார்கள். 50 ஹெர்ட்ஸ் ஒலிக்குச் சுமார் 30 டெசிபல் தள்ளுபடி. நிமிடத்துக்கு 1,400 சுற்று ஓடும் இரட்டைப் பிஸ்டன் கம்ப்ரசரின் அடிநாதம், கணக்குப் போட்டால், வினாடிக்கு ஏறக்குறைய 47 துடிப்பு. தள்ளுபடி அதிகமாக விழும் இடத்திலேயே அது உட்கார்ந்திருக்கிறது. ஆனால் சுவரைத் தாண்டிப் போவதும் அந்த மாதிரித் தாழ்ந்த ஒலிதான். பக்கத்து வீட்டுக் கல்யாணப் பாட்டில் வரி புரியாது, 'டம் டம்' மட்டும் நம் வீட்டுக் கட்டிலை ஆட்டுமே, அதே கதை. அங்கிள் பயந்ததும் இதற்குத்தான். கைப்பேசிச் செயலியில் அளந்து பார்க்கிறேன் என்பவர்களுக்கும் இதையே சொல்வேன். இரண்டு இயந்திரங்களை ஒப்பிட அது உதவும், தாழ்ந்த ஒலியைப் பிடிக்க அந்த மைக்கை நம்ப முடியாது.

சத்தம் பிறக்கும் இடத்துக்கு வருவோம். மலிவான, எண்ணெய் இல்லாத, நேரடியாக ஓடும் ஒற்றைப் பிஸ்டன் வகையில் மோட்டார் நிமிடத்துக்கு 2,800 சுற்றுக்கு மேல் ஓடும். பக்கத்தில் நின்றால் 90 டெசிபலைத் தாண்டுவது சர்வசாதாரணம். நம் நாட்டு வேலையிட இரைச்சல் விதிமுறைகள் 2019-இல் மாறின. எட்டு மணி நேரத்துக்கு முன்பு 90 ஆக இருந்த வரம்பு இப்போது 85. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். அந்தக் கணக்கில் 97 டெசிபலுக்கு ஒரு நாளைக்கு அரை மணி நேரம்தான். விதி வேலையிடங்களுக்குத்தான், ஆனால் வீட்டில் வேலை செய்தாலும் காது அதே காதுதானே.

'சைலண்ட்' வகையில் உண்மையாகவே அமைதியாக இருப்பவை மெதுவாக ஓடும் மோட்டார் உள்ளவை. கடையில் பெட்டியை விட்டுவிட்டு மோட்டாரில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 1,400-ஐ ஒட்டிச் சுற்று எண் இருந்தால் நல்லது. 2,800-ஐ ஒட்டி இருந்தால் குழந்தைப் படத்தை மறந்துவிடலாம். பிஸ்டன் காற்றை உறிஞ்சும் வாயும் பெரிய சத்தக்காரன். அங்கே வெறும் துளை இருக்கிறதா, பஞ்சு வைத்த வடிகட்டி இருக்கிறதா என்று பாருங்கள்.

பெல்ட் போட்டு ஓடும் எண்ணெய்க் கம்ப்ரசர் பட்டறைக்காரர்களுக்குப் பிடித்தது. குரல் தடிப்பாக இருந்தாலும் காதைக் குத்தாது, ஆயுள் அதிகம். ஆனால் தூக்க இரண்டு பேர் வேண்டும், காற்றோடு எண்ணெய்த் துளியும் வரும். மெருகு பூசும் பலகையில் ஒரு துளி எண்ணெய் பட்டால் அந்த இடத்தில் மீன் கண் மாதிரி வட்டம் விழும். என் வேலைக்கு அது ஒத்துவராது.

எண்ணெயும் கூடாது, சத்தமும் கூடாது என்று அடம்பிடித்தவர்களில் பல் மருத்துவர்கள் முக்கியமானவர்கள். காற்றால் சுழலும் பல் துரப்பணம் 1957-இல் அமெரிக்காவில் ஜான் போர்டன் மூலம் விற்பனைக்கு வந்தது. நிமிடத்துக்கு லட்சக்கணக்கான சுற்று. அதற்கு ஒவ்வொரு கிளினிக்கிலும் ஒரு கம்ப்ரசர் வேண்டியிருந்தது, நோயாளியின் வாய்க்குள் போகும் காற்றில் எண்ணெய் இருக்க முடியுமா? கடை வீட்டு மாடியில் இருக்கும் கிளினிக்கில் அடுத்த முறை வாயைத் திறந்து படுத்திருக்கும்போது காதைக் கொடுத்துப் பாருங்கள். துரப்பணம் அலறும், கம்ப்ரசர் எங்கே என்றே தெரியாது. டென்மார்க்கின் ஜூன்-ஏர் போன்றவர்கள் குளிர்பதனப் பெட்டியின் மூடிய கம்ப்ரசர் வகையை வைத்தே இன்னும் அமைதியானவற்றைச் செய்தார்கள். 45 டெசிபல் அளவில் முனகும். ஏர்பிரஷ் மட்டும்தான் வேலை என்றால் அதைவிடச் சிறந்தது இல்லை. விலையைக் கேட்டுவிட்டு நான் டீ குடிக்கப் போய்விட்டேன்.

எவ்வளவு பெரியது வாங்குவது? ஏர்பிரஷுக்கு நிமிடத்துக்கு 10 முதல் 20 லிட்டர் காற்று போதும், அழுத்தம் 15 முதல் 25 பிஎஸ்ஐ. சின்ன ஆணி அடிக்க 70 முதல் 100 பிஎஸ்ஐ வேண்டும், ஆனால் ஓர் அடிக்குக் கொஞ்சமே காற்று. கார் பெயிண்ட் அடிக்கும் ஸ்பிரே துப்பாக்கி வேறு ஜாதி, நிமிடத்துக்கு 200 லிட்டருக்கு மேல் குடிக்கும். அதை வரிசை வீட்டில் செய்யாதீர்கள், நாற்றத்துக்காகவே பக்கத்து வீட்டார் வந்துவிடுவார்கள்.

பெட்டியில் போட்டிருக்கும் 'நிமிடத்துக்கு 150 லிட்டர்' பிஸ்டனின் கொள்ளளவை வைத்துப் போட்ட கணக்கு. அழுத்தம் ஏறிய பிறகு கையில் கிடைப்பது பல நேரங்களில் பாதியை ஒட்டித்தான் இருக்கும். கடையிலேயே சோதிக்கலாம். காலி டாங்கியை ஓடவிட்டு நேரம் பாருங்கள். 30 லிட்டர் டாங்கி 8 பார் வரை நிரம்பினால் உள்ளே போனது 240 லிட்டர் காற்று. மூன்று நிமிடம் ஆனால், நிமிடத்துக்கு 80 லிட்டர். கைப்பேசி கடிகாரம் போதும்.

கடைசியில் நான் எடுத்தது 750 வாட், இரட்டைப் பிஸ்டன், எண்ணெய் இல்லாதது, 30 லிட்டர் டாங்கி. 500 வெள்ளிக்குச் சற்றுக் குறைவு. பெட்டியில் 65 டெசிபல், பின்னறையில் ஒரு மீட்டரில் என் கருவி காட்டியது 71. நான்கு சுவருக்குள் ஒலி எதிரொலிக்கும், அதனால் அந்த ஆறு டெசிபலுக்காகச் சண்டை போடவில்லை.

இதைவிட முக்கியமானது டாங்கி. டாங்கியில் இருப்பது சேமித்து வைத்த அமைதி என்பேன். 30 லிட்டர் டாங்கி 8 பாரிலிருந்து 2 பாருக்கு இறங்கும்வரை 180 லிட்டர் காற்று தரும். ஏர்பிரஷ் நிமிடத்துக்கு 15 லிட்டர் எடுத்தால் பன்னிரண்டு நிமிடம் ஒரு சத்தமும் இல்லாமல் வேலை செய்யலாம். ஒன்று மட்டும் செய்ய வேண்டும். நிரம்பியதும் சுவிட்சை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அழுத்தம் கொஞ்சம் இறங்கியதுமே தானாக ஓட ஆரம்பிக்கும். அங்கிள் சொன்ன 'எப்ப வரும்னே தெரியாது' அதுதான். இப்போது மாலை அவர் வேலையிலிருந்து வருவதற்கு முன்னால் ஒருமுறை நிரப்புகிறேன். இரவில் தேவைப்பட்டால் சுவரைத் தட்டிச் சொல்லிவிட்டு மூன்று நிமிடம் ஓட்டுகிறேன்.

வைக்கும் இடமும் பாதி வேலையைச் செய்யும். பொதுச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள், மரத் தளத்திலும் மேசையிலும் வைக்காதீர்கள். சிமெண்டுத் தரையில், தடித்த ரப்பர் பாய்மேல் வைத்தபோது அங்கிள் வீட்டுச் சுவரில் கை வைத்துப் பார்த்தோம், அதிர்வு கைக்குத் தெரியவில்லை. 10 மீட்டர் ஹோஸ் வாங்கி, இயந்திரத்தைப் பின்கட்டு ஓரத்தில் விட்டுவிட்டு, காற்றை மட்டும் உள்ளே கொண்டு வரலாம். சிறிய கருவிகளுக்கு அந்த நீளத்தில் அழுத்தம் பெரிதாகக் குறையாது. இதில் இன்னொரு நன்மை, மெருகெண்ணெய், தின்னர் ஆவி சூழ்ந்த இடத்தில் மின்பொறி பறக்கும் சுவிட்ச் இருக்காது. பெட்டி செய்து மூடிவிடலாம் என்று பலர் யோசனை சொன்னார்கள். நம் ஊர் வெயிலில் காற்றோட்டம் இல்லாத பெட்டிக்குள் எண்ணெய் இல்லாத கம்ப்ரசரைப் பூட்டினால் சீக்கிரம் வெந்துவிடும். இந்த வகைகளை ஓடிய நேரத்துக்குச் சமமாக ஓய்வெடுக்க விடுவது நல்லது. நீட்டிப்பு ஒயரை விட நீட்டிய ஹோஸ் மேல். கிளம்பும்போது மோட்டார் இழுக்கும் மின்சாரம் மெல்லிய நீட்டிப்பு ஒயரைச் சூடாக்கும், மோட்டாரும் திணறும்.

வாங்கி ஒரு வாரம் கழித்து டாங்கிக்கு அடியில் இருக்கும் திருகைத் திறக்க மறக்காதீர்கள், இன்னும் சொன்னால் ஒரு நாளும் மறக்காதீர்கள். நம் ஊர்க் காற்று ஈரக் காற்று. 30 பாகை வெப்பம், 80 விழுக்காடு ஈரப்பதம் என்றால் ஒரு கனமீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீர் இருக்கும். அதை 8 பாருக்கு அழுத்திக் குளிரவிட்டால் பெரும்பகுதி தண்ணீராக இறங்கிவிடும். என் 30 லிட்டர் டாங்கி ஒருமுறை நிரம்பி ஆறினால் ஒரு தேக்கரண்டித் தண்ணீர். மாதக்கணக்கில் விட்டால் டாங்கி உள்ளே துருப்பிடிக்கும். அழுத்தம் தாங்கும் டாங்கி துருப்பிடிப்பது ஆபத்தான சமாசாரம், ஒட்டுப்போட்டுப் பயன்படுத்துகிற பொருள் இல்லை அது. வேலை முடிந்ததும் அழுத்தத்தைக் கொஞ்சம் வைத்துக்கொண்டு திருகைத் திறந்தால் 'புஸ்ஸ்' என்று பழுப்புத் தண்ணீர் வரும். அந்தச் சத்தத்துக்கு மட்டும் அங்கிள் இன்னும் ஒரு வழி கேட்கிறார். திருகைச் சுற்றிப் பழைய துணியைக் கட்டிவிட்டுத் திறக்கிறேன்.