அசிங்கமான குழாய் சொன்ன அறிவியல்

உங்கள் வீட்டு செப்டிக் டேங்கிலிருந்து மேலே போகும் குழாயை என்றாவது கவனித்ததுண்டா? நான் கவனித்தது, அதை வெட்டிய பிறகுதான்!

எங்கள் வீட்டில் தொட்டி வாசல் பக்கம் இருக்கிறது. அக்கா கல்யாணத்துக்காக வீட்டுக்குச் சந்தனக் கலர் பெயிண்ட் அடித்தோம். வெள்ளைக் குழாய் மட்டும் முன்னாடி கம்பம் மாதிரி நின்றது. "பார்க்கவே நல்லா இல்லப்பா, வெட்டிடலாம்"னு சொன்னது நான்தான். அப்பாவும் இடுப்பு உயரத்தில் அறுத்து, மூடி போட்டு அடைத்துவிட்டார்.

நாலே நாளில் கக்கூஸில் அழுகிய முட்டை நாற்றம். தண்ணீர் ஊற்றினால் 'குளுக் குளுக்' என்று சத்தம். பாட்டிக்குத் தலைவலி. பிளம்பர் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "என்ன தம்பி, தொட்டியோட மூக்கையே அடைச்சிட்டீங்களே!" என்றார்.

காரணம் இதுதான். தொட்டிக்குள் காற்று இல்லாமலே வாழும் பாக்டீரியாக்கள் கழிவைச் சிதைக்கின்றன. அப்போது மீத்தேன், ஹைட்ரஜன் சல்பைடு போன்ற வாயுக்கள் உண்டாகின்றன. மீத்தேன் தீப்பிடிக்கும். ஹைட்ரஜன் சல்பைடு விஷம். முட்டை நாற்றம் அதனுடையதுதான். கழிப்பறைக் கோப்பைக்குக் கீழே உள்ள வளைவில் சுமார் 2 அங்குலம் தண்ணீர் எப்போதும் நிற்கும். அதுதான் வாயுவைத் தடுக்கும் கதவு. மேலே போக வழி இல்லாவிட்டால் வாயு அந்தத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிடும்.

அப்போ குழாயை மறைக்கவே முடியாதா? முடியும்! நாங்கள் செய்தது:

1. தரையோடு எல்போ போட்டுத் திருப்பி, தொட்டிப் பக்கம் சரிவு வைத்து, குழாயைப் பக்கவாட்டுச் சுவரோரமாக ஏற்றினோம்.

2. உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, சுவரின் கலரையே அடித்தோம். வெயிலில் பி.வி.சி. குழாய் நொறுங்கிப் போகாமலும் பெயிண்ட் காக்கும்.

3. உயரத்தைக் குறைக்கவில்லை. ஐ.எஸ். 2470 என்ற இந்தியத் தர விதிப்படி குழாய் குறைந்தது 50 மி.மீ. விட்டம் இருக்க வேண்டும். தொட்டி வீட்டிலிருந்து 15 மீட்டருக்குள் இருந்தால், வீட்டின் உச்சிக்கு மேல் 2 மீட்டர் உயர வேண்டும்.

4. குழாயின் வாயில் கொசுவலை கட்டினோம். யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு இப்படிப்பட்ட அழுக்குத் தண்ணீரில்தான் முட்டையிடும்.

ஒரு எச்சரிக்கை! குழாய்தான் இருக்கிறதே என்று யாரும் தொட்டிக்குள் இறங்கக் கூடாது. உள்ளே தங்கும் வாயு ஆளைக் கொன்றுவிடும். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

கல்யாணத்தன்று அத்தை, "அந்தக் குழாயை எடுத்துட்டீங்களா?" என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டேன்.

நண்பர்களே, இன்று மாலை உங்கள் வீட்டுக் குழாயை அண்ணாந்து பாருங்கள். வாயில் வலை இருக்கிறதா? இல்லையென்றால் பெரியவர்களிடம் சொல்லிக் கட்டச் சொல்லுங்கள். அழகு வேண்டும், அதைவிட ஆரோக்கியம் வேண்டும்!

— 9ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவன்