அயர்லாந்து வம்சாவளித் தேடல்

அயர்லாந்து வம்சாவளித் தேடல் என்பது அயர்லாந்தில் வாழ்ந்த, அல்லது அங்கிருந்து புலம்பெயர்ந்த முன்னோரை ஆவணங்கள், டி.என்.ஏ ஒப்பீடு ஆகியவற்றின் துணையுடன் கண்டறிவதாகும்.

ஆவணங்கள்

1922 சூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின்போது, டப்ளின் நகரில் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்திலிருந்த பொது ஆவணக் காப்பகம் தீக்கிரையானது. 1821 முதல் 1851 வரை எடுக்கப்பட்ட நான்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளின் பெரும்பகுதி அதில் அழிந்தது. எனினும் பழி முழுவதையும் தீயின்மேல் சுமத்த இயலாது. 1861, 1871 கணக்கெடுப்புத் தாள்களை அரசே முன்னர் அழித்துவிட்டது. 1881, 1891 தாள்கள் முதலாம் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாக்கப்பட்டன. 1901, 1911 கணக்கெடுப்புகள் எஞ்சியுள்ளன.

அனைத்து மதத்தினருக்குமான பிறப்பு, இறப்புப் பதிவு 1864 இல்தான் தொடங்கியது. ஆகவே 1845இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தில் வெளியேறிய சுமார் 10 இலட்சம் பேரில் பலருக்குத் தேவாலயத் திருமுழுக்குப் பதிவேடே ஒரே சான்று. சிலருக்கு அதுவும் இல்லை. 1847–1864 காலத்துக் கிரிஃபித் மதிப்பீடு எனும் சொத்து வரிப் பட்டியலில் வீட்டையோ நிலத்தையோ வைத்திருந்தவரின் பெயர் மட்டுமே உண்டு. மனைவி, மக்கள் இல்லை. ஒரே பங்கில் மூன்று பேட்ரிக் மர்ஃபிகள் இருந்தால் நம்மவர் எவர் என்று அப்பட்டியல் கூறாது.

டி.என்.ஏ பொருத்தம்

இருவர் பகிரும் டி.என்.ஏ துண்டுகளின் நீளம் சென்டிமார்கனில் குறிக்கப்படும். ஒரே பாட்டன், பாட்டியின் பேரப்பிள்ளைகள் சராசரியாக 12.5% பகிர்வர். பாட்டனின் பாட்டன் வழி இணைவோரிடம் இது 1% இற்கும் குறைவு. சிலரிடம் பொருத்தமே தென்படாது. பொருத்தம் முன்னோரின் பெயரைத் தராது. ஆனால் பொருந்தியவரின் குடும்பம் தன் பூர்வீகச் சிற்றூரை அறிந்திருந்தால், எந்தப் பங்கின் பதிவேட்டைப் புரட்டுவது என்பது தெரியவரும். உறவுக்குள்ளேயே மணம் முடித்த சிற்றூர்களில் இவ்வளவு மிகைப்பட்டு, தொலைவான உறவும் நெருங்கியதாகத் தோன்றும்.