அம்பத்தூருக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்?

ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். அதை மக்கள்தொகையால் பெருக்கு. நகரக் குடிநீர்த் திட்டங்களின் வழக்கமான கணக்கு இது. 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்த அம்பத்தூரில் இது ஏன் போதாது?

தேவையில் ஒரு பங்கை வீட்டு போர்வெல்லே சுமக்கிறது. அது குடிநீர் வாரியத்தின் கணக்கில் தெரியாது. மழை பொய்த்தால் போர் வற்றும். அதே வீடுகள் குழாய்க்கும் லாரிக்கும் திரும்பும். 2019 கோடையில், நகருக்கு நீர் தரும், பூந்தமல்லி அருகே உள்ள செம்பரம்பாக்கம் ஏரி வறண்ட நேரத்தில்தான் இந்தத் தேவையும் ஏறியது. கொடுமை அதுதான்.

ஆகவே தலைக்கணக்கோடு நிலத்தடி நீர்மட்டம், லாரி முன்பதிவு, வெயில், புது அடுக்குமாடிகள் எல்லாம் கணிப்பில் சேர வேண்டும். மீட்டர் இல்லாமல் எந்தக் கணிப்பையும் சரிபார்க்க முடியாது. சில தெருக்களிலாவது மீட்டர் பொருத்தி, மாதாமாதம் கணிப்பையும் உண்மைச் செலவையும் ஒப்பிட வேண்டும்.